முள் பாதிக்குக் கீழே

ஏப்ரல் 10, திங்கள்

இன்று முதல் வேனின் சூட்டைக் குறித்து வைக்க வேண்டும். ஒண்டிப்புதூர் மெக்கானிக் ஜபருல்லா சொன்ன யோசனை இது. எப்போது சூடாகிறது, எத்தனை நிமிடத்தில் ஆகிறது என்று சில நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். மில்லில் நான் பார்த்த வேலை அவருக்குத் தெரியும். நூல் அறாமல் இருக்க ஸ்பின்னிங் ஹாலின் காற்றில் சூடும் ஈரமும் சரியாக இருக்க வேண்டும். அதை மணிக்கு ஒரு முறை தெர்மாமீட்டரில் பார்த்து எழுதுவேன். முப்பத்தோரு வருடம் எழுதினேன்.

வேனும் அந்த மில்லுடையதுதான். ஸ்டாஃபை ஏற்றி இறக்கிய டீசல் வேன், வயது பதினேழு. போன வருடம் மில்லை மூடியபோது நான் விலைக்கு எடுத்துக்கொண்டேன். எட்டு மாதமாக இருகூர் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது.

இப்போது அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. மனைவி சுலோசனா கோத்தகிரியில் இருக்கிறாள். அவளுடைய தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் மேசை, பீரோ ஆகிய நான்கையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இங்கிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர். அதில் கடைசி முப்பத்து மூன்று மலை ஏற்றம். பழைய இன்ஜின் ஏற்றத்தில் கொதித்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஆகவே முதலில் சூட்டைப் பார்ப்பது முறை.

காலை 7.05 ஸ்டார்ட். பைபாஸில் பன்னிரண்டு கிலோமீட்டர். 7.35க்கு, ஸ்டீயரிங்குக்கு முன்னால் சூடு காட்டும் முள், குளிர்ச்சியைக் குறிக்கும் ‘சி’ எழுத்தை விட்டு ஒரு விரல்கூட ஏறவில்லை. நல்ல அறிகுறி.

ஏப்ரல் 12, புதன்

6.50 ஸ்டார்ட். இருபது கிலோமீட்டர். முள் அதே இடம். வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். இளஞ்சூடு. குளிக்கலாம் போல.

இவ்வளவு பழைய வண்டி இவ்வளவு குளிர்ச்சியாக ஓடுவது ஆச்சரியம். மில்லில் நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைக் கனி. கண்ணாடி முன்னால் பழத்தட்டு வைப்பது சுலோசனாவின் வேலை. இந்த வருடம் வைக்கவில்லை. ஒருவருக்காக எதற்கு. நான் சாப்பிடும் மெஸ் விடுமுறை என்பது நினைவில்லாமல் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சாப்பாடு, ஐந்து வாழைப்பழம்.

ஈரோட்டிலிருந்து மகள் தாரணி பேசினாள். அம்மாவிடம் பேசினீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவளுக்கு அங்கே வேலை இருக்கும். சாயந்திரம் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்; சாயந்திரம் வண்டியைக் கழுவியதில் நேரம் போய்விட்டது.

ஏப்ரல் 17, திங்கள்

என் குறிப்புகளை ஜபருல்லாவிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது.

ஒரு இன்ஜின் கிளம்பிய ஏழெட்டு நிமிடம் வரை மேல் ஹோஸ் ஜில்லென்று இருக்க வேண்டுமாம். உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரியைத் தொடும் வரை அது மூடியிருக்கும். தொட்டதும் திறக்கும், சுடுநீர் ரேடியேட்டருக்குப் பாயும், ஹோஸ் சட்டென்று கை வைக்க முடியாதபடி ஆகும். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அங்கேயே நிற்கும். அதுதான் சரியான சூடு. என் வண்டியில் எதுவும் நடக்கவில்லை.

கழற்றினார். நோன்புக் காலம் என்பதால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிறார்; நானும் அங்கே டீ குடிப்பதில்லை. மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. என்றைக்கோ யாரோ ஒருவர், வண்டி கொதிக்கிறது என்று, வால்வையே பிடுங்கிப் போட்டிருக்கிறார்.

“சூடே ஏறாம ஓடுறது நல்ல வண்டின்னு எல்லாரும் நெனைக்கறாங்கண்ணா. அப்படி இல்ல. டீசல் முழுசா எரியாது, உள்ள கரி பிடிக்கும். சத்தமில்லாமத் தேஞ்சுட்டே வரும். கொதிச்சு நின்னாலாவது என்னன்னு பாப்போம். இது வெளிய தெரியவே தெரியாது.”

இத்தனை வருடம் அந்த வேனில் போய் வந்திருக்கிறேன். யாரும் இதைக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 19, புதன்

புது வால்வு போட்டாயிற்று. ரேடியேட்டரைக் கழுவிப் புதுக் கூலன்ட் ஊற்றினார்.

4.10 ஸ்டார்ட். எட்டாவது நிமிடம் வரை மேல் ஹோஸ் ஜில். பத்தாவது நிமிடம் கை வைக்க முடியவில்லை. முள் பாதிக்குக் கீழே வந்து நின்றது. ஜபருல்லா துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரைக் காட்டி அளந்தார். 84. இனி எந்த மலைக்கும் போகலாம் என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இதுவரை கீழேயே கிடந்த முள் இப்போது இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. அளவுமானியே தவறாக இருக்கலாம். இன்னும் சில நாள் பார்ப்பது நல்லது.

ஏப்ரல் 20, வியாழன்

84. முள் பாதிக்குக் கீழே.

ஏப்ரல் 21, வெள்ளி

அதே.

ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று ரம்ஜான். பட்டறை இன்றும் திறக்கவில்லை என்று தெரிந்தும் அந்தப் பக்கம் போனேன். ஜபருல்லா வீடு பட்டறைக்குப் பின்னால்தான். புதுச் சட்டையில் இருந்தார். உட்கார வைத்துச் சேமியா கொடுத்தார். அவர் மனைவி மும்தாஜ் வாசல்படி வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“அக்கா எப்படி இருக்காங்கண்ணா?” என்று ஜபருல்லா கேட்டார்.

நன்றாக இருக்கிறாள், கோத்தகிரிக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். சரிங்கண்ணா என்றார். இன்னும் ஏதோ கேட்பார் போலிருந்தது. கேட்கவில்லை. கிளம்பும்போது சேமியா ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். ஒருவர் சாப்பிடும் அளவு.

ஏப்ரல் 25, செவ்வாய்

7.00 ஸ்டார்ட். முள் பாதிக்குக் கீழே. 83.

தாரணி கூப்பிட்டாள். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கு நூற்று நாற்பது யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் சுலோசனாவுக்கும் ஆக்னஸுக்கும் வந்திருக்கிறதாம். ஆக்னஸ் எங்கள் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் இருந்தவள். மில் மூடியதும் சொந்த ஊரான கோத்தகிரிக்குப் போய்த் தையல் கடை போட்டிருக்கிறாள். அவளிடம் ஒரே ஒரு மெஷின்தான். மே முதல் வாரத்துக்குள் நம் மெஷின்கள் போய்ச் சேர்ந்தால்தான் பள்ளி திறப்பதற்குள் முடியும்.

“வண்டி ரெடியாயிடுச்சுங்களாப்பா?” என்றாள்.

இன்னும் சூடாகிறது என்றேன்.

அது முழுப் பொய் அல்ல. 83 டிகிரியும் சூடுதான். சமதரையில் 83 என்றால் மலையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, வெள்ளி

ஃபேன் பெல்ட்டை மாற்றச் சொன்னேன். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பரவாயில்லை என்றேன். மாற்றினார். வாட்டர் பம்பையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒழுகவில்லை.

83.

மே 2, செவ்வாய்

சுலோசனாவே கூப்பிட்டாள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். ஆம் என்றேன். வண்டி எப்படி என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். முடியவில்லை என்றால் ஒரு லோடு வண்டி வைத்துச் சாமானை எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன், முன்பின் தெரியாதவர்கள் மெஷினை உருட்டி உடைத்துவிடுவார்கள் என்றேன். பின்னால் தையல் சத்தம் கேட்டது. சரிங்க என்று வைத்துவிட்டாள்.

பேசிய நேரம் ஒரு நிமிடம் பதினெட்டு விநாடி என்று போனில் காட்டுகிறது.

மே 4, வியாழன்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இந்த வெயிலில் பழைய வண்டியை மலையேற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

மே 7, ஞாயிறு

பாரம் இல்லாமல் பார்க்கும் சோதனை சோதனையே அல்ல என்று தோன்றியது. இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சாமான்களை ஏற்றினேன். பின் சீட்டுகளைக் கழற்றி பீரோவைப் படுக்கவைத்தோம். மருதமலைக்கு விட்டேன். அடிவாரத்திலிருந்து கோயில் வரை இரண்டாவது கியர். மேலே போய் அளந்தேன் (தெர்மாமீட்டரை ஜபருல்லாவிடம் இரவல் வாங்கியிருக்கிறேன்). 87. முள் ஒரு நூல் ஏறி, நிறுத்திய ஐந்தாவது நிமிடம் பழைய இடத்துக்கு வந்தது.

கோயிலுக்குள் போகவில்லை. கும்பல் கும்பலாக வந்திருந்தார்கள். தனியாக வந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து வீட்டைத் திறந்ததும் கதவுச் சத்தம் எதிரொலித்தது. பீரோவும் மேசையும் இத்தனை சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன போலும். அவை இருந்த இடத்தைக் கூட்டினேன். சாக்குக்கட்டி, ஊக்கு, நூல்சுற்றிய ஒரு பாபின், தாரணியின் பழைய பாவாடைத் துணியில் ஒரு துண்டு. கூட்டிய பிறகும் ஒரு குண்டூசி காலில் ஏறியது.

சாமான்களை வண்டியிலேயே விட்டிருக்கிறேன். எப்படியும் இரண்டொரு நாளில் போக வேண்டியதுதானே.

மே 9, செவ்வாய்

மேசையை மட்டும் இறக்கி உள்ளே வைத்தேன். இரண்டு நாளாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை கொடுத்தார். ஏற்றின சாமானை ஏன் இறக்குகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழங்காலைச் சொல்லியிருப்பேன்.

மே 13, சனி

கிளம்பினேன். மேசையைத் திரும்பவும் ஏற்றி, காலை 6.20க்கே. காரமடை தாண்டியதும் வானம் மூடிக்கொண்டது. மேட்டுப்பாளையத்தில் முள் பாதிக்குக் கீழே. ஆற்றுப் பாலம் தாண்டி, கோத்தகிரி சாலை பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை. இரண்டு டீ குடித்தேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மழை வந்தால் சாலை வழுக்கும். பிரேக்கை இன்னும் சோதிக்கவில்லை.

10.40க்கு வீடு திரும்பினேன். மழை வரவில்லை.

மே 16, செவ்வாய்

இன்று வண்டியை எடுக்கவில்லை. எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதிப் பழகிவிட்டது.

சுலோசனா போனது ஜனவரி முப்பதாம் தேதி. காலை எட்டேகால். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், அது உண்மையும்கூட. அன்றைக்கு வாசலில் வால்வைத் திறந்துவிட்டு மோட்டாரைப் போட்டிருந்தேன், தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பையோடு வந்து, நான் கோத்தகிரிக்குப் போறனுங்க, ஆக்னஸ் கூட இருக்கப் போறேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். தெரியலீங்க என்றாள். சரி என்றேன்.

கேட்டருகில் போய் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமிருந்திருக்கும். அதற்குள் தொட்டி வழிந்தது. மோட்டாரை நிறுத்த உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கேட் சாத்தியிருந்தது.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. முந்தின நாள் இரண்டு பேரும் சேர்ந்து பச்சைப் பட்டாணி உரித்தோம். முப்பது வருடத்தில் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. மில்லில் இதைச் சொல்லிப் பாராட்டுவார்கள்: நஞ்சப்பன் வீட்டில் குரலே கேட்காது என்று.

மே 20, சனி

பிரேக் பார்க்கப் போனேன். ஜபருல்லா பானெட்டைத் திறக்கவே இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“இந்த வண்டிய இனிமே எங்கிட்டக் கொண்டாராதீங்கண்ணா. இதுல ஒரு கோளாறும் கெடையாது. போக வேண்டிய எடத்துக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்.”

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஏன் கோபம் என்று புரியவில்லை. தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 21, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை.

மே 22, திங்கள்

எடுக்கவில்லை. மெஸ்ஸில் பரிமாறுகிறவர் இரண்டு நாளாகக் காணோமே என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

மே 24, புதன்

ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நிற்கவைத்து, அணைத்தேன். யாரோடாவது பேசினேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மே 27, சனி

தாரணி பேசினாள். ஆர்டரில் பாதியைப் பள்ளிக்காரர்கள் குன்னூரில் ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டார்களாம். எழுபது செட். நாள் தாண்டிக்கொண்டே போனால் அவர்களும் என்ன செய்வார்கள். சுலோசனாவும் ஆக்னஸும் ஒரு பழைய மெஷினை இரவல் வாங்கி மீதியைத் தைக்கிறார்கள்.

தாரணி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்கப்பா என்றாள். வைத்துவிட்டாள்.

எழுபது செட்டைத் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஏப்ரல் 19லிருந்து இன்று வரை முப்பத்தெட்டு நாள். முப்பத்தெட்டு நாளும் வண்டி நன்றாக இருந்தது. இந்த நோட்டிலேயே என் கையெழுத்தில் இருக்கிறது.

மே 29, திங்கள்

போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6.00 ஸ்டார்ட். மேட்டுப்பாளையம் 7.50. டீக்கடையில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். மலை ஏற ஆரம்பித்ததும் கண் முள்ளைவிட்டு அகலவில்லை. அது அசையவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. பாக்குத் தோப்புகள் முடிந்து காற்று குளிர்ந்தது. முள் அதே இடம்.

ஒரு வளைவு தாண்டிய அகலமான இடத்தில் ஒதுக்கினேன். பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கேரட் ஏற்றிக் கீழே போய்க்கொண்டிருந்த ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். சூடு பார்க்கிறேன் என்றேன். அவர் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தார், உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தார்.

“நல்லாத்தானுங்களே இருக்குது” என்றார்.

ஆமாங்க என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் லாரியில் ஏறினார். பானெட்டை மூடினேன்.

கோத்தகிரி 9.35. ஆக்னஸின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீள அறை. அதை ஒட்டி இவர்கள் இரண்டு பேரும் இருக்கும் சின்ன வீடு. ஆக்னஸ்தான் முதலில் வெளியே வந்தாள். வாங்கண்ணா என்று சொன்னாள். உள்ளே நீலத் துணி மலைபோலக் கிடந்தது. சுலோசனா தரையில் துணியை விரித்து, முட்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். மேசை இல்லாததால் தரையில். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவளை ஸ்வெட்டரில் நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு நாலு பேர் சேர்ந்து சாமான்களை இறக்கினோம். மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். அவள் ஓவர்லாக்கை உடனே மாட்டி ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. தலையை ஆட்டினாள். மேசையைப் போட்டதும் தரையில் கிடந்த துணியைத் தூக்கி அதில் விரித்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். ஆக்னஸ் பக்கத்து அறைக்குப் போனாள்.

வழியெல்லாம் யோசித்துவைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல, சுலோ.”

கத்தரி நிற்கவில்லை.

“ஏப்ரல் பத்தொம்பதாந்தேதியே சரியாயிடுச்சு. நாந்தான் சூடாகுது சூடாகுதுன்னு சொல்லீட்டு இருந்தேன்.”

“தெரியுங்க” என்றாள்.

ஜபருல்லாவின் மனைவி மும்தாஜ் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவராம். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் போனில் பேசுவார்களாம். வால்வு போட்ட அன்றைக்கே இவளுக்குச் செய்தி வந்துவிட்டது. பெல்ட் மாற்றியது, மருதமலை போனது, எல்லாம் தெரியும். அப்படியென்றால் சேமியா கொடுத்த அன்றைக்கு ஜபருல்லாவும் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். ஊரில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

தெரிந்தும் ஏன் லோடு வண்டி வைக்கவில்லை என்று கேட்டேன். அவள் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தனுங்க. ஒரு தடவையாவது, சாமான் குடுக்க மனசில்ல, போகாதேன்னு சொல்லுவீங்களான்னு. ஆக்னஸ் தெனமும் சத்தம் போட்டா. பாதி ஆர்டர் போயிருச்சு. அது உங்க தப்பு மட்டுமில்லீங்க, எந்தப்பும்தான்.”

நான் அவளை முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட ஒன்றும் சொன்னதில்லையே என்றேன்.

“அதேதானுங்க. நான் அழுதா கதவச் சாத்தீட்டுப் போயிருவீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. கோவிச்சுக்கிட்டா சரீம்பீங்க. சண்ட போடக்கூட எனக்கு அந்த வீட்ல ஆளில்லீங்க.”

குரல் உயரவில்லை. மெஷினில் அறுந்த நூலைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை மட்டும் சொல்லாமல் விழுங்கினேன்.

திரும்பி வருவாயா என்று கேட்டேன். எப்போது என்று கேட்டிருக்கிறேன், வருவாயா என்று இதுவரை கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“இல்லீங்க. இங்க எனக்கு நல்லா இருக்குது.”

மதியம் சோறும் பீன்ஸ் பொரியலும் ரசமும். ஆக்னஸும் நாங்களும் அந்த மேசையிலேயே துணியை ஒதுக்கிச் சாப்பிட்டோம். சுலோசனா எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினாள். ஆக்னஸும் அவளும் ஏதோ ஒரு காலரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. அல்லது மறந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். வண்டி வரை வந்தாள். வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னாள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வந்தேன். முள் சற்றுக் கீழிறங்கியது. இறக்கத்தில் அது இயல்பு. பின்னால் காலியாக இருந்ததால் வண்டி ஒவ்வொரு குழிக்கும் குதித்தது.

5.20க்கு வீடு. போன் செய்யவில்லை. கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மே 30, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது. வண்டியை எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் இனி இல்லை.

காலை எட்டு மணிக்கு இட்லி வாங்கி வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கு சுலோசனாவின் எண்ணுக்குப் போட்டேன். ஆக்னஸ் எடுத்தாள். பின்னால் இரண்டு மூன்று மெஷின்கள் ஒன்றாக ஓடும் சத்தம். நம் மெஷின்கள் வந்ததும் தைப்பதற்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

சுலோ துணி வாங்க ஊட்டி போயிருக்கிறாள், போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள், சாயந்திரம்தான் வருவாள் என்றாள். நேற்று நீங்கள் கூப்பிடவில்லை என்று பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலில் கடுமை இருந்தது.

வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன்.

“சொல்லீடறேங்ணா. வேற ஏதாவது சொல்லோணுங்களா?”

வேறொன்றுமில்லை என்றுதான் சொல்ல வந்தேன். அவள் வைக்காமல் காத்திருந்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“தனியா இருக்க முடியலன்னு சொல்லும்மா” என்றேன். “வரச்சொல்லிச் சொல்லல. அவ அங்கயே இருக்கட்டும். எனக்கு முடியல, அவ்வளவுதான்.”

ஆக்னஸ் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அப்படியே சொல்லட்டுங்களாண்ணா?” என்று கேட்டாள். குரலில் முன்பிருந்த கடுமை இல்லை.

அப்படியே சொல்லச் சொன்னேன்.